முதலில் பார்த்தவள்

பத்து நாள் என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று டாக்டரம்மா மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் பத்து நாள் என்றேன், சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி வருவார். வந்து எந்த மருந்து என்று முடிவு பண்ணுவார். இப்போது பத்தே முக்கால். ரஞ்சனி தூங்குகிறாள். தூக்கமா, மருந்து மயக்கமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. அது என் குரல் இல்லை, செண்பகவல்லி மதினியின் குரல், பால்வாடிப் பிள்ளைகளை அதட்டாமலே அடக்குகிற அந்த மெதுவான குரல். என் வீட்டுக்காரரின் அக்காள். இப்போது கீழே, வாசலை ஒட்டிய ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். கோவில்பட்டியில் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து ஒன்பது மணிக்குள் மதுரைக்கு வந்துவிடுகிறாள், ஆறு நாளாக, ஒரு நாள் தப்பவில்லை. இந்த வார்டில் ஆண் பெண் எல்லாரும் ஒன்றாகத்தான், ஒரு நோயாளிக்குத் துணைக்கு ஓர் ஆள்தான். ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏறலாம் என்று வாசல் செக்யூரிட்டியே சொன்னார். நான் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் ஒரு தடவை போய், கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவள் கொண்டு வந்த கஞ்சி பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, பிள்ளை தூங்குறா மதினி என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிடுகிறேன். இன்றைக்கும் அப்படித்தான். "டாக்டர்ட்ட எல்லாம் சொன்னியா கோமதி, ஆடி மாசத்துல இருந்தே இப்படின்னு?" என்றாள். "சொல்லியாச்சு" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். நம்பாவிட்டாலும் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும். எனக்கு அது வராது. உள்ளே என்ன கொதிக்கிறதோ அது என் மூக்கு நுனியில் வந்து நின்றுவிடும்.

முதல் நாள் அந்தக் கஞ்சியைக் கழுவுமிடத்தில் ஊற்றிவிட்டேன். நொய்யரிசி, சுக்கு, இரண்டு பல் பூண்டு. கறிவேப்பிலை போட்டால் ரஞ்சனி தொடமாட்டாள் என்று தெரிந்து போடாமல் செய்திருந்தாள். அது எனக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்று யாரிடம் சொல்ல? மூடியைத் திறந்து ஊற்றும்போது சுக்கு வாசனை எழும்பியது, கட்டிலில் இருந்து ரஞ்சனி கண்ணைத் திறக்காமலே, "அத்தை வந்துட்டாகளா" என்றாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். என் வாசனை அவளுக்குத் தெரியுமா? எனக்கு என்ன வாசனை? தேங்காய் எண்ணெய், வேர்வை, இந்த ஆறு நாளில் ஆஸ்பத்திரி டெட்டால். என்னை எதை வைத்து அவள் கண்டுபிடிப்பாள்? மறுநாளில் இருந்து கஞ்சியை ஊற்றவில்லை, ஸ்பூனால் ஊட்டுகிறேன். ஆனால் யார் கொண்டு வந்தது என்று சொல்வதில்லை. அவள் கேட்பதும் இல்லை, அவளுக்குத்தான் நாக்கு சொல்லிவிடுகிறதே. நான் ஊட்டுகிறேன், அவள் மதினியைச் சாப்பிடுகிறாள். இப்படியெல்லாம் நினைக்கிறேனே, எனக்குத்தான் மூளையில் ஏதாவது வந்துவிட்டதா.

"ஏந்தாயி, ஒம் மக தூக்கத்துலயும் அத்த அத்தங்குதே. பாசம் அத்தை மேலயா, அத்தை பெத்தது மேலயா?" பக்கத்துக் கட்டில் பஞ்சவர்ணம் நேற்று இப்படிக் கேட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. அவள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால், "இருவத்தெட்டு வருசத்துல இப்பத்தான் இந்தாளு நாஞ் சொல்றத மறுபேச்சில்லாமக் கேக்குறாரு" என்று சொல்லிவிட்டு, அவர் கடைவாயைத் துண்டால் துடைத்துவிடுகிறாள். அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே கேள்வியைத்தான் நான் இரண்டு மாதமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன், விளையாட்டுக்கு இல்லாமல். பிள்ளை பிறந்தபோது எனக்கு மஞ்சள் காமாலை. மூன்று மாதம் பிள்ளை மதினியிடம் வளர்ந்தது. பேர் வைக்கிற அன்றைக்கு அத்தை முறைக்கு அவள்தான் மடியில் போட்டுக்கொண்டு காதில் மூன்று தடவை சொன்னாள், சிவரஞ்சனி, சிவரஞ்சனி, சிவரஞ்சனி. நான் வேறு பேர் வைத்திருந்தேன். கட்டிலில் மஞ்சள் கண்ணோடு படுத்துக்கொண்டு அந்தப் பேரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன், இன்றைக்கு வரைக்கும் அதை யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளை வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அத்தை. எல்லாப் பிள்ளையும் அம்மா என்றுதான் சொல்லுமாம். இது அத்தை என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்க அனுப்பினார்கள், அவள் பன்னிரண்டு முடித்துப் பால்வாடி டீச்சர். ரஞ்சனிக்கு வீட்டுப் பாடம் அவள் வீட்டில்தான். பெரியவள் ஆனதும் அங்கேதான், முதலில் சொன்னது அத்தையிடம்தான், எனக்குத் தகவல் வந்தது. என் மகளைப் பற்றி எனக்கு எல்லாமே தகவலாகத்தான் வந்திருக்கிறது.

டாக்டர் நஸ்ரின் சின்ன வயசு. முப்பத்திரண்டு இருக்கலாம். நேற்றுச் சாயங்காலம் நின்றுகொண்டு சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்ணியில் டி செல் என்று ஒன்று நிறைய இருக்கிறதாம். அது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "நல்லதுதாம்மா, அது நம்ம படை. ஆனா மூளைக்குன்னு ஒரு தனி வேலி உண்டு, படைக்காரங்க நெனச்ச நேரத்துக்கு உள்ள வர முடியாது. இப்ப வந்திருக்காங்க" என்றார். அதுகளை யாரு டாக்டர் உள்ளே கூப்பிட்டது என்று கேட்டேன். அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்து, நல்ல கேள்வி கேட்டீங்கம்மா என்றார். அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, மகள் இப்படிக் கிடக்கும்போது, இதை மதினி கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஏழாம் வகுப்புக்காரியை டாக்டர் மெச்சியதை அவள் காதால் கேட்டிருக்க வேண்டும். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். மூளைக்குள்ளேயே குடியிருக்கிற காவல் செல் என்று ஒன்று இருக்கிறதாம். வெளியே இருந்து வந்தது இல்லை, வீட்டோடு இருப்பது. கூட்டிப் பெருக்குவதும் அதுதான், காவலும் அதுதான். சும்மாவே இருக்காதாம், எந்நேரமும் கையை நீட்டி நீட்டி நாலு பக்கமும் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்குமாம், ஏதாவது மாறியிருக்கிறதா, ஏதாவது புதுசாக வந்திருக்கிறதா என்று. எனக்கு மேலெல்லாம் கூசியது. டாக்டர் கையுறைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார், ஒரு வட்டம், அதில் இருந்து நீளும் விரல்கள். ஏதாவது சந்தேகம் வந்தால் அந்தக் காவல் செல் அங்கே கிடக்கிற ஒரு துணுக்கை எடுத்து, தன் மேலே ஏந்திக்கொண்டு, வேலி ஓரத்தில் வருகிற டி செல்லுக்குக் காட்டுமாம். வேலியிலும் அதே மாதிரி காட்டுகிற காவல்காரர்கள் உண்டாம். இந்தா பாரு, இது யாரு என்று. முழுசாகக் காட்டாது, ஒரு துணுக்குதான். டி செல் அதைத் தடவிப் பார்த்து, நம்ம ஆள் என்றால் பேசாமல் போய்விடும். எதிரி என்று முடிவு கட்டிவிட்டால் ஆளைக் கூட்டிவிடும். அதற்குப் பிறகு காவல் செல் நினைத்தாலும் நிறுத்த முடியாது. சில நேரம் அது காட்டுவது கிருமியின் துணுக்கு. சில நேரம் நம்முடைய நரம்பின் துணுக்கையே கிருமி என்று காட்டிவிடும். வந்தவர்கள் நம் வீட்டையே அடிப்பார்கள். "காட்டுனது கிருமியையா நம்மளையாங்கறதுதான் எனக்குத் தெரியணும்" என்றார். "கிருமின்னா, படையை அடக்குற மருந்து கொடுத்தா கிருமி ஜெயிச்சிரும். நம்ம படையே திரும்பியிருந்தா, சீக்கிரம் அடக்கணும், தள்ளிப்போற ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளையோட ஞாபகத்துல கொஞ்சம் கொஞ்சம் போயிரும். கிருமி சட்டுன்னு வரும். இது மெல்ல வரும். அதான் திருப்பித் திருப்பிக் கேக்குறேன். வலிப்பு வந்ததுக்கு முந்தி எதுவுமே இல்லையா?" பத்து நாள்தான் டாக்டர், அதுக்கு முந்தி நல்லாத்தான் இருந்தா என்றேன். பஞ்சவர்ணம் துண்டைப் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் தெரியாது. என் மூக்கு நுனியைப் பார்த்திருப்பாள்.

பதினொன்று பத்து. பாட்டிலில் கால்வாசி இருக்கிறது. சொட்டு விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சொட்டு நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது, கண்ணை எடுத்தால் விழுகிறது. இது கிருமிக்கான மருந்து. நான் சொன்ன பத்து நாளை நம்பி ஏறுகிற மருந்து. என் பொய்தான் சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் போகிறது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். வேறு எதையாவது நினைக்கலாம் என்றால் அந்த வெள்ளிக்கிழமைதான் வருகிறது. ஆடி முதல் வெள்ளி. தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், நான் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். ஈரமுடி, எண்ணெய், சாம்பிராணிப் புகை. எதிரே சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி. அதில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "நீங்க யாரு? எங்க அம்மா எங்க?" என்றாள். சிரிக்கவில்லை. மரியாதையாக, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்கிற மாதிரி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் எங்களுக்குள் சண்டை, எந்நேரமும் அத்தை வீட்டிலேயே என்ன வேலை என்று நான் கத்தி, நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று அவள் கேட்டிருந்தாள். அதனால் இது அதன் பாக்கி என்று நினைத்தேன். அத்தை சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சீப்பைக் கீழே வைத்தேன், அது ஞாபகம் இருக்கிறது, நிதானமாக வைத்தேன், வைத்துவிட்டுக் கன்னத்தில் அறைந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்ததில் கோபம் இல்லை. யாரென்று தெரியாதவர்கள் அடித்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தாள். இதை நான் அப்போதே கண்டேன். கண்டேன், ஆனால் கண்டதைக் காணாத இடத்தில் வைத்துவிட்டேன். சாயங்காலம் வந்து, "அம்மா, ஏம்மா இந்தப் பக்கம் கன்னம் எரியுது" என்று கேட்டாள். நடிக்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை மதினி வந்தாள். வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "கோமதி, பிள்ளைக்கு என்னமோ சரியில்ல. ஒரே கேள்விய மூணு தடவ கேக்குறா. காரணமில்லாமச் சிரிக்கிறா. கேஸைத் தெறந்துவிட்டுட்டுப் பத்த வைக்காமப் போயிட்டா. மூளை டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிருவோம்." பால்வாடியில் இத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள், எடை குறைந்தாலும் நடை தாமதித்தாலும் முதலில் கண்டுபிடிக்கிறவள், அந்தப் பழக்கத்தில் சொல்கிறாள். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. அப்போது சாத்தூரில் இருந்து ரஞ்சனிக்கு ஓர் இடம் வந்திருந்தது. மூளை டாக்டர் என்று ஊருக்குள் ஒரு சொல் போனால் அந்த இடம் போய்விடும், அடுத்த இடமும் வராது, கடைசியில் அத்தை மகன் இருக்கிறான், முறைதானே, எங்க பிள்ளையை நாங்களே எடுத்துக்கிடுதோம் என்று வந்து நிற்பாள், பிறந்த மூன்று மாதம் வைத்திருந்ததை ஆயுசுக்கும் வைத்துக்கொள்வாள். ஒரு நொடியில் இவ்வளவும் எனக்குள் கட்டி எழும்பிவிட்டது. "எம் பிள்ளைக்குப் பைத்தியப் பட்டங் கட்டி ஒங்க மகனுக்கு முடிக்கலாம்னு பாக்கீகளா மதினி?" என்றேன். அவள் கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் லோடு வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவரிடம் கேட்டால் எதற்கும் சரி என்பார், அக்காளுக்கும் சரி, எனக்கும் சரி.

அன்றைக்கு ரஞ்சனியின் போனைத் துழாவினேன். துழாவினேன் என்றுதான் சொல்ல வேண்டும், இருட்டில் கையை விட்டுத் தேடுகிற மாதிரி. ஒரு படம் கிடைத்தது. மதினி வீட்டு அடுப்படி. ரஞ்சனி சிரிக்கிறாள், பக்கத்தில் கணேசபாண்டி சிரிக்கிறான், மதினி மகன். ஓரத்தில் மதினியின் கையும் கரண்டியும் தெரிந்தது. எட்டயபுரத்தில் என் அண்ணன்மார் இருவருக்கும் அந்தப் படத்தை அனுப்பினேன், ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பினேன். வெட்ட எனக்குத் தெரியாது, ரஞ்சனிதான் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தாள், இப்படி விரலால் தள்ளும்மா என்று. வேறொன்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு பைக்கில் வந்தார்கள். நான் இரண்டு பேருக்குத்தான் காட்டினேன், ஆறு பேர் வந்தார்கள். மதினி வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கப் பேசினார்கள். கணேசபாண்டியின் சட்டையைப் பிடித்தார்கள், உதடு கிழிந்தது. போதும்ணே, போதும்ணே என்று நான் கத்தினேன். சின்னண்ணன் திரும்பி, "நீ வீட்டுக்குள்ள போ கோமதி, ஒனக்காகத்தான" என்றான். அந்தப் பையனுக்கு ராஜபாளையத்தில் பெண் பேசி வெற்றிலை மாற்றியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் மதினி அந்தப் புதன்கிழமை வந்தாளோ, பிள்ளையைப் பார்த்த கவலையில் அதை விட்டுவிட்டு இதைச் சொன்னாளோ. நேற்று டாக்டர் துணுக்கு என்று சொன்னபோது எனக்கு அந்தக் கரண்டி பிடித்த கைதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வாரம், ரஞ்சனிக்கு வலிப்பு வந்து இங்கே கொண்டு வருகிற வரைக்கும், மதினி எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த ஐந்து வாரமும் ரஞ்சனி எப்படி இருந்தாள்? சாப்பாட்டில் இரண்டு தடவை உப்பு. கால் செருப்பு மாறி. பேனா பிடித்தால் எழுத்து கோணிக்கொண்டு ஓடும். எல்லாம் அத்தையைப் பிரித்த கோபம் என்று வைத்துக்கொண்டேன். பார்க்கிறவள் ஒருத்தி இருந்தாள், அவளை நான் விரட்டிவிட்டேன், மீதி இருந்தது நான்.

"அத்தை." விழித்துவிட்டாள். உதடு காய்ந்திருக்கிறது. ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். கண் என் மேல் வந்து நின்றது, நகர்ந்தது, மறுபடி வந்தது. கேட்டுவிடாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன், யாரென்று மட்டும் கேட்டுவிடாதே. அவள் கேட்கவில்லை. கேட்காதது தெரிந்ததாலா, கேட்கத் தெம்பில்லாததாலா? "ரஞ்சனி, அம்மாடி, அம்மா இருக்கேன்ல" என்றேன். "ம்" என்றாள். அந்த ஒரு ம்-ஐ வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது. அவள் என் புடவை முந்தியை இரண்டு விரலால் பிடித்து, துணி எடுக்கப் போனவள் மாதிரி நயம் பார்த்தாள், விட்டுவிட்டாள். பஞ்சவர்ணம் அங்கிருந்து, "என்னைய அடையாளந் தெரியுதா பாப்பா?" என்று கேட்டாள். ரஞ்சனி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்து, லேசாகச் சிரித்தாள். அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். நேற்றுப் பார்த்தவள். எனக்குப் பஞ்சவர்ணத்தின் மேலும் அந்த எரிச்சல் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. இது என்ன, ஊரில் ஒருத்தி விடாமல் எல்லாரையும் சந்தேகப்படுவேனா, நர்சுப் பெண் தலையணையைச் சரி பண்ணினால் அவள் மேல், டாக்டர் கன்னத்தைத் தட்டினால் அவர் மேல். எந்நேரமும் கையை நீட்டி நீட்டித் தடவிக்கொண்டு. யாராவது என் பிள்ளையை எடுத்துவிட்டார்களா, யாராவது. எடுத்தது யாரும் இல்லை. உள்ளேயே அவள் ஞாபகம் தேய்ந்து போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சம் என்று டாக்டர் சொன்னாரே, இன்றைக்கு எது போயிருக்கும்? பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளே, அதுவா? நான் தீப்பெட்டிக் கட்டையில் வீடு கட்டிக் கொடுத்தேனே, அதுவா? அத்தையைப் பற்றினது நிறைய இருக்கிறது, அதில் கொஞ்சம் போனால் தெரியாது. என்னைப் பற்றினது கையளவுதான். அது முதலில் தீர்ந்துவிடும்.

சொல்லலாம். சொன்னால் என்ன. டாக்டர், ஏழு வாரமாக என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யார் பார்த்தது என்று கேட்பார். அவ அத்தை பார்த்தாக என்று சொல்ல வேண்டும். அப்போதே காட்டலாம் என்றார்களா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டும். டாக்டர் மதினியை மேலே கூப்பிடுவார், மதினி நாள் கிழமையோடு சொல்வாள், டாக்டர் அவளிடம் நல்லாப் பார்த்திருக்கீங்கம்மா என்பார், என்னிடம் சொன்ன அதே குரலில். பிள்ளை பிழைத்தால் அத்தை பிழைக்க வைத்தது. ஊரில் அப்படித்தான் பேசுவார்கள், கல்யாண வீட்டில், சாவு விழுந்த துட்டி வீட்டில், ரஞ்சனிக்குப் பிறக்கிற பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டில். சரி, பேசட்டும். பேசினால் என்ன, பிள்ளை இருப்பாள் இல்லையா? இருப்பாள், அவளுடைய பிள்ளையாக இருப்பாள். இந்த இடத்தில் வந்து ஒவ்வொரு தடவையும் மனசு முட்டிக்கொண்டு நிற்கிறது. முட்டிக்கொண்டு நிற்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது, வெட்கமாக இருந்தும் நகரவில்லை.

டாக்டர் வந்தபோது பன்னிரண்டு இருபது. ரஞ்சனியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், மூன்று பொருள் பேர் சொல்லிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சாவி, வாழைப்பழம், ரூபாய். ரஞ்சனி சாவி என்றாள். பிறகு சாவி என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் சொல்லிக்கொடுப்பேன் என்று பார்த்தாள், அப்படித்தான் இருந்தது அந்தப் பார்வை, என் வாய் தானாக, வாழைப்பழத்துக்கு, வா என்று திறந்தது. டாக்டர் எழுதிக்கொண்டார். "நேத்து ரெண்டு சொன்னாம்மா" என்றார். "இன்னும் ஒரு ரிப்போர்ட் வரணும், அதுக்குக் காத்திருந்தா நாளாகும். கடைசியாக் கேக்குறேன். பத்து நாள்தானே?"

"இல்ல டாக்டர்."

பேனா நின்றது.

"ஏழு வாரமா. அவ அத்தை ஆடி மாசம் ஒரு புதன்கிழமை பாத்துட்டு, டாக்டர்ட்ட காட்டணும்னு வந்து சொன்னாக. ஆனா மொதல்ல பாத்தது அவுக இல்ல. நாந்தான். அதுக்கு அஞ்சு நாள் முந்தி, மொத வெள்ளிக்கிழமை. நான் தலை சீவிக்கிட்டு இருந்தேன், நீங்க யாருன்னு எங்கிட்ட கேட்டா. எங்க அம்மா எங்கன்னு கேட்டா. நான் அடிச்சுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. பிள்ளைக்காகச் சொல்லவில்லை. முதலில் பார்த்தது அவள் இல்லை என்பதற்காகச் சொன்னேன். ஐந்து நாள் முந்தி, ஐந்து நாள், அதை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் சொன்னேன். எதற்காகவோ, வாயில் இருந்து வந்துவிட்டது. டாக்டர் விரல் விட்டு வாரம் எண்ணினார். ஏன் மறைத்தீர்கள் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நர்சைக் கூப்பிட்டு, இது முடிந்ததும் இன்றைக்கே ஸ்டீராய்டு ஆரம்பிக்க வேண்டும் என்றார், இன்னொரு மருந்துக்கும் பேர் எழுதினார். "படை திரும்புனதுதான்னு நெனக்கிறேம்மா. தண்ணியில கிருமி எதுவும் கெடைக்கல, இப்ப நீங்க சொல்றதும் சேர்ந்து வருது. முழுசாத் திரும்புமான்னு இன்னைக்கே சொல்ல முடியாது. அத்தை எங்க இருக்காங்க? அவங்க பாத்ததையும் கேக்கணும்."

"கீழ ஹால்ல."

"எப்ப இருந்து?"

"ஆறு நாளா" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். பஞ்சவர்ணம்தான் சொன்னாள். "போ தாயி, போய் அனுப்பிவிடு. நாம் பாத்துக்கிறேன் பிள்ளைய." இந்தத் தடவை அவள் மேல் ஒன்றும் வரவில்லை.

படியிறங்கினேன். மதினி ஹாலில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்தபடி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள், முகம் வெளுத்துவிட்டது, இந்த நேரத்தில் நான் இறங்கினதே இல்லை அல்லவா. "ஒண்ணுமில்ல மதினி, நல்லாருக்கா. டாக்டர் ஒங்களக் கூப்பிடுதாக" என்றேன். அப்புறம் தானாக வந்தது. "நான் டாக்டர்ட்ட சொல்லல மதினி. இன்னைக்குத்தான் சொன்னேன்." அவள் தலையை ஆட்டினாள். தெரியும் என்பது மாதிரி. "எப்ப இருந்துன்னு சொன்னே?" என்றாள். "மொத ஆடி வெள்ளி. நான் யாருன்னு எங்கிட்டயே கேட்டா."

மதினியின் முகத்தில் ஒன்று வந்தது. "வெள்ளிக்கிழமையா? நான் புதன்கிழமதான பாத்தேன். அதுக்கு முந்தி எங்கிட்ட நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்தா. எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள். ஆனால் கலக்கத்துக்கு அடியில், அந்தத் தெரியாமப் போச்சே என்பதில், உதட்டோரம் லேசாக இறுகினது. அந்த இறுக்கம் எனக்குத் தெரியும். இருபத்தோரு வருசமாக என் முகத்தில் இருப்பது அது. அவளுக்கும் இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் எல்லாம் உடையவள், அவளுக்கு எதற்கு? "என்னைய எப்பவும் அப்படிக் கேட்டதில்ல அவ" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்தச் சொன்னாளா, தனக்குள் சொல்லிக்கொண்டாளா. எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எப்போதும் எப்படி எடுத்துக்கொள்வேனோ அப்படி எடுக்க மனசின் கை நீண்டுவிட்டது, அதை நான் பார்த்தேன்.

"ரெண்டாவது மாடி, எடது பக்கம், மூணாவது கட்டில்" என்றேன். "வாழைப்பழம்னு சொல்லத் திணறுதா. நீங்க கேட்டீகன்னா சொன்னாலும் சொல்லுவா."

அவள் வேகமாகப் போனாள். செக்யூரிட்டி ஒதுங்கி வழிவிட்டார். அவள் எழுந்த நாற்காலியில் சூடு இருந்தது, அதில் உட்கார்ந்தேன். இப்போது முதல் திருப்பம் ஏறியிருப்பாள். இப்போது இரண்டாவது. இப்போது கதவைத் தள்ளியிருப்பாள், இப்போது ரஞ்சனி பார்த்திருப்பாள், அத்தை என்று கையைத் தூக்கியிருப்பாள், முழுக் கையையும், ஊசி குத்தின கையை. வயிறு எரிந்தது. எரியட்டும் என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.